விசாரித்த வகையில்

பரதராமி செக்போஸ்ட் தாண்டியதும்
எழுத்துகள் தலைப்பாகை கட்டிக்கொள்கின்றன.
நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.
அவசரமில்லை,
மாங்காய் இன்னும் மரத்தில்தான் இருக்கிறது.

அறுபது டன் கிளிமூக்கு.
நாற்பத்தைந்து நாள் தவணை.
மண்டி விலைக்கு மேல் கிலோவுக்கு இரண்டு ரூபாய்.
அந்த இரண்டு ரூபாய்தான்
என்னை வண்டியேற்றி இங்கே அனுப்பியது.
யாரும் கேட்காமலே ஏற்றித் தருகிறவன்
எதை இறக்கப் பார்க்கிறான்?

ராத்திரி போனில் தோண்டியதில்:
கம்பெனி பிறந்து பதினோரு மாதம்.
மூலதனம் ஒரு லட்சம்.
இயக்குநர்கள் இரண்டு பேர், ஒரே கதவு எண்.
ஜிஎஸ்டி உயிரோடிருக்கிறது;
இரண்டு மாதமாக மூச்சு மட்டும் இல்லை.

கேட்டருகே பலகை புதுசு. நவ்யஸ்ரீ ஃபுட்ஸ்.
வெயில் சாய்ந்து விழுகையில்
பெயிண்டுக்கு அடியிலிருந்து இன்னொரு பேர்
தழும்பு மாதிரி எழும்புகிறது.
முன்பாதி புரியவில்லை.
முடிவில் 'அண்ட் சன்ஸ்' மட்டும் தெளிவு.
சன்ஸ் எங்கே போனார்கள்?

உள்ளே போகவில்லை.
போனால் காப்பி தருவார்கள்.
காப்பி குடித்துவிட்டுக் கேட்கிற கேள்வி
கேள்வி இல்லை, நலம் விசாரிப்பு.

பின்பக்கம் சுற்றி வந்தேன்.
கூழ் ஃபேக்டரியில்
கணக்குப் புத்தகம் பொய் சொல்லலாம்,
கொட்டைக் குவியல் சொல்லாது.
அடியில் கறுத்து மக்கியது ஒரு வருஷம்,
மேலே பழுப்பாய் இன்னொரு வருஷம்,
இடுக்கில் முழங்கால் உயரத்துக்கு
நாலைந்து கன்றுகள்.
ஆக, ஓடியது உண்மை.
பதினோரு மாதம்தான் பொய்.

கிரேட் வாடகைக்காரன்
'முன்பணம் வெச்சா எடுத்துக்கலாம்க்கா' என்றான்.
இவங்களுக்கும் அப்படித்தானா என்றேன்.
வெறும் கிரேட்டுகளைத் திரும்ப எண்ண ஆரம்பித்தான்.

வாட்ச்மேன் மொகிலப்பாவுக்கு
மூன்று மாதமாய் ஜீதம் இல்லை.
பொண்டாட்டி ஆபரேஷனுக்கு மட்டும்
மேடம் கையால் எழுபதாயிரம்.
'நல்ல மனுசிம்மா' என்றார்.
இதை நோட்டில்
வரவில் எழுதவா பற்றில் எழுதவா என்று
பேனாவைத் திறந்தபடி நின்றேன்.

அப்போதுதான் தஸ்தகீர் பாய் போன்.
'வெள்ளைக் கார் ஒண்ணு வந்துச்சும்மா, ஆந்திரா நம்பர்.
உன்னைப் பத்திதான்.
லாரி வாடகை நிறுத்தி வெப்பியா,
எடையில கை வெப்பியா,
மூணு வருஷம் முன்னாடி
உன் மண்டிப் பலகை ஏன் மாறிச்சுன்னு.'
நீங்க என்ன சொன்னீங்க பாய்?
'டீ ஆத்திட்டிருந்தேன்.'

என் பலகைக்கு அடியிலும் ஒரு பேர் இருக்கிறது.
அண்ணன் பேர்.
அவன் செக் திரும்பிய ஆடியில்
தோப்புக்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.
ஆறு வளையல், ஒரு வீட்டுப் பத்திரம்.
எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான்
பெயிண்டரைக் கூப்பிட்டேன்.
எல்லோருக்கும் என்றால்,
இரண்டு பேர் தவிர.
ஒருவர் செத்துப்போனார்.
இன்னொருவர் கேட்கவே இல்லை.

என் பலகை மேல்
எத்தனை மணிக்கு வெயில் சாய்கிறது என்று
இதுவரை நான் பார்த்ததில்லை.

நம்பரைப் போட்டேன். பெண் குரல்.
முதல் லோடு ரொக்கம் என்றேன்.
முதல் லோடு எங்கள் மேடையில் எடை என்றாள்.
உங்கள் மேடையும் வேண்டாம், என் மேடையும் வேண்டாம்,
செக்போஸ்ட் பக்கத்து எடைமேடை என்றேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
'சரே' என்றாள்.
'கேட்டுக்கு வெளியே நிற்பது நீங்கள்தானே?'

அறுபது இல்லை, எட்டு டன்.
இரண்டு ரூபாய் இல்லை, முக்கால்.
காப்பியில் சர்க்கரை தூக்கல்.
சன்ஸ் பற்றி நான் கேட்கவில்லை,
அண்ணனைப் பற்றி அவளும்.

திரும்புகிற பஸ்ஸில் நோட்டைப் பிரித்தேன்.
நவ்யஸ்ரீ முடிந்த இடத்துக்குக் கீழே
ஒரு கோடு போட்டு எழுதினேன்:

நெல்லூர்ப்பேட்டை, கேட்காதவர்,
பதினெட்டாயிரத்து நானூறு.